டிவி பொம்மையின் வலது கை

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு சாண் நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதன் முன்னால் போய் நின்றால் டிவிக்குள் நீல நிறத்தில் ஒரு பொம்மை எழுந்து நிற்கும். நாம் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும், குனிந்தால் குனியும். பாட்டு ஓடும்போது வண்ண வண்ண வட்டங்கள் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பறந்து வரும். தாளம் தப்பாமல் அவற்றைக் கையால் தட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். தம்பி ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை வாங்கி வந்தான். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னாத்துக்குடா ஆவும்?" என்று கேட்டாள்.

நைனா, அதாவது எங்கள் அப்பா, கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். சத்தியவேட்டிலிருந்து விடியலில் கிளம்பி, வழியெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீ சிட்டியில் இறக்குவார். ஒருநாள் முன்கண்ணாடியைத் துடைக்க ஏறியவர் கால் வழுக்கி விழுந்தார். வலது மேற்கையில் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் திருப்பதியிலிருந்து போனில் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் புத்தூர் எலும்பு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தவன் வேறு ஊருக்குப் போனால்தான் அதிசயம். எலும்பு நன்றாகவே கூடியது. கட்டுப் பிரித்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. கை மார்பு உயரத்துக்கு மேல் எழவில்லை. வலித்தாலும் ஆட்டு, ஆட்டினால்தான் வரும் என்று கட்டுப் போட்டவர் சொல்லி அனுப்பியிருந்தார். இவரோ, "ஆட்னா வுட்டுப்பூடும்" என்று பச்சைக் குழந்தையைப் போலக் கையை மார்போடு அணைத்துக்கொண்டே திரிந்தார். சட்டை மாட்ட அம்மா வேண்டும், தலைவாரவும் அம்மா வேண்டும். பஸ் முதலாளி வேறு ஓர் ஆளைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, கை வந்தால் வா என்று சொல்லியிருந்தார். ஸ்டியரிங் பிடிக்காத நைனாவை எங்களுக்குத் தெரியவே தெரியாது. வாசலில் பஸ் ஹாரன் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

தம்பிதான் அவரைப் பிடித்து இழுத்து டிவி முன்னால் நிறுத்தினான். முதலில் இடது கையால் மட்டும் தட்டினார். வலது பக்கம் வந்த வட்டங்கள் தட்டுவாரில்லாமல் கடந்துபோயின. எனக்கென்னவோ அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை என்று தோன்றுகிறது. ரோட்டில் எதிரே வருவதைக் கவனிக்காமல் விட்டுப் பழகிய மனிதர் இல்லை அவர். தன்னை மறந்த ஒரு கணத்தில் வலது கை தானாகவே நீண்டது. அப்புறம் தினமும் சாயங்காலம் ஆட்டம்தான். அம்மாவும் பக்கத்தில் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் தட்டுவாள். "இன்னா பாட்டோ, ஒரு எழவும் புரியல, கை மட்டும் போய்க்கினே கீது" என்று நைனா போனில் சிரிப்பார். கை தோளைத் தொட்டது, காதைத் தொட்டது, கடைசியில் தலைக்கு மேலே போனது. ஆயுத பூஜை முடிந்ததும் வந்து வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லி முதலாளியும் ஆள் அனுப்பினார்.

பூஜைக்கு மறுநாள் காலை நான் ஊருக்குப் போனேன். நைனா கையை மார்போடு அணைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எலும்பு வுட்டுப்பூட்ச்சி பாப்பா" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் பாட்டைப் போட்டு நின்றிருக்கிறார். இவர் வலது கையைத் தூக்கினார், டிவியில் பொம்மையின் வலது கை தொங்கிக்கொண்டே இருந்தது. நாலு பாட்டு போட்டுப் பார்த்தும் அது எழவில்லை. தன் கை எழுந்ததாக நினைத்தது வெறும் பிரமை, எலும்பு உள்ளே விலகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். "எங்கே, இப்போ தூக்குங்க" என்றேன். மார்பு வரை வந்து நின்றது. வலிக்கிறது என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எலும்புக்கும் பொருந்தும் போலிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பழமொழி தோன்றவில்லை. மறுபடி புத்தூர் போக ஆட்டோ சொல்லியாகிவிட்டது. அம்மா சேலை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ வருவதற்குள் அந்த டிவியை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றியதோ தெரியாது. முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். பொம்மை இடது கையை மட்டும் தூக்கியது. வலது கை தொங்கியது. முறியாத, விழாத, குத்துக்கல் போன்ற என் வலது கை! கை போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். "அம்மா, நீ வந்து நில்லு" என்று கத்தினேன். பாதி சுற்றிய சேலையோடு ஓடிவந்து நின்றாள். அவளுக்கும் வலது கை தொங்கியது.

"அய்யய்யோ, வூட்ல எல்லார்க்குமா பூட்ச்சி!" என்றாள் அம்மா.

குனிந்து கறுப்புப் பெட்டியைப் பார்த்தேன். மேலே சாத்தியிருந்த சாமந்திச் சரத்தை விலக்கினால், நம் அசைவைப் பார்க்கும் அதன் கேமராக் கண்ணாடியில் ஒரு பக்கம் முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவே எட்டணா அகலத்துக்குக் குங்குமம். முந்தின நாள் பூஜையில் மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் கடுகளவு பொட்டு வைத்த அம்மா இதற்கு மட்டும் இப்படி வாரி வழங்கியிருந்தாள்.

"அவர் கைய எய்ப்பி வுட்டது அதுதானே, அதான் நல்லா பெருசா வெச்சேன்" என்றாள். சொல்லச் சொல்லவே அவளுக்குப் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். நன்றி சொல்லப்போய் அதன் கண்ணை அடைத்திருக்கிறாள்.

ஈரத்துணியால் துடைத்தேன். நைனா எழுந்து வந்து நின்றார். உடனே கையைத் தூக்கவில்லை. எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகத் தூக்கினார். பொம்மையும் தூக்கியது. தோள், காது, தலைக்கு மேலே. உயர்த்திய கையை இறக்காமலே அழுதார். நாங்களும் அழுதோம், அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நைனா அப்போது உள்ளே போகவில்லை, உயர்த்திய கையோடே வாசலுக்குப் போய், "புத்தூர் வேணாம்பா, பஸ் ஷெட்டுக்குப் போ" என்றார்.

இப்போது அவர் பழைய பஸ்ஸையே ஓட்டுகிறார். இந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் ஊரில்தான் இருந்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கறுப்புப் பெட்டிக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பி வந்து நைனாவின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, எலும்பு முறிந்த இடத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அவர் பிரேக் பிடித்த பஸ் மாதிரி அசையாமல் நின்றார். பிறகு, "சீக்கிரம் வெய்டி, வண்டிக்கும் வெக்கணும்" என்றார்.