ஐ டெல் யூ, சார்

‘டெல்’ என்ற ஒரே சொல் கைவசம் இருந்தால் முழு ஆங்கிலத்தையும் பேசிவிடலாம் என்று பத்து வயதில் நான் நம்பினேன். டெல் என்றால் சொல்லு. மனிதர்கள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தானே? முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள், நடுவில் டெல், வாக்கியம் தயார். இப்பேர்ப்பட்ட அறிவாளி தங்களோடு இருப்பதை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அக்காவின் பள்ளியிறுதிப் பரீட்சையான சாதாரண தரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்பாவோ அவளைக் கொழுந்தெடுக்கப் பேர் பதியச் சொல்லி ஆபீசில் கடதாசி கொடுத்துவிட்டார்.

“பேர் பதிஞ்சிட்டா வேல நிச்சயம். பரீட்ச எழுதி எந்தத் தோட்டத்த வாங்கப் போறா?”

வெள்ளிக்கிழமை தோட்டத்து மேனேஜரான துரை கையெழுத்து வைத்தால் சனிக்கிழமை அக்கா மலையில் நிற்க வேண்டும். அவள் அழவில்லை. புத்தகங்களைச் சாக்கில் கட்டி மூலையில் வைத்தாள். அதைப் பார்த்ததும், துரையிடம் நானே பேசிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

துரையிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை. புதுத் துரைக்குத் தமிழ் வராது. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று நாம் சொல்வதை, உள்ளே நிற்கும் பெரிய கிளாக்கர் ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்வார். பத்து நிமிடம் அழுது சொன்னாலும் அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். மீதியை விழுங்கிவிடுகிறார் என்பதில் தோட்டத்தில் இரண்டு கருத்து இல்லை. அவரைத் தாண்டிப் போகத்தான் எனக்கு டெல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குக் கிளம்பிய என் பின்னாலேயே அக்கா ஓடிவந்தாள்.

“வேணாண்டா தம்பி, ஒனக்குத் தெரிஞ்சதே ஒரு வார்த்த!”

“அது போதும்க்கா. நீ சும்மா நில்லு.”

ஜன்னலில் துரையின் முகம் தெரிந்ததும் எம்பி நின்று ஆரம்பித்தேன்.

“சார், ஐ டெல் யூ. சிஸ்டர் டெல் ஸ்கூல். ஃபாதர் டெல் நோ. யூ டெல் ஃபாதர்!”

துரை என்னையே வெறித்துப் பார்த்து, நீளமாக ஏதோ கேட்டார். என் சரக்கு தீர்ந்துவிட்டது. “டெல், சார்” என்றேன், அவருக்கு அனுமதி கொடுப்பதுபோல.

“என்னடா, தொரைக்கே வேல சொல்றியா?” என்று கிளாக்கர் என்னை முறைத்தார். பிறகு துரை பக்கம் திரும்பி, மெதுவாக இரண்டு வரி சொன்னார். அவ்வளவுதான், துரை மேசையில் ஓங்கி அறைந்து கத்தத் தொடங்கினார்.

எங்களை லயத்தை விட்டே துரத்தப்போகிறார்கள் என்று தேயிலைக்குள் பாய்ந்து மழைத்தண்ணி ஓடும் ஒரு கானுக்குள் படுத்துக்கொண்டேன். காலில் அட்டை ஏறியது. பயத்தில் அதற்கும் டெல் சொல்லிப் பார்த்தேன், அது மசியவில்லை. அக்காவைத் தனியே விட்டு ஓடிவந்தது அப்புறம்தான் உறைத்தது. அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, அடி விழுந்தாலும் சரி என்று திரும்ப நடந்தேன்.

துரை இன்னும் கத்திக்கொண்டிருந்தார், கிளாக்கரைப் பார்த்து. அவர் தலைகுனிந்து நின்றார். என் ஆங்கிலத்தில் கிளாக்கரின் குட்டு உடைந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துபோயிற்று!

அன்று கையெழுத்து விழவில்லை. அப்பா கொடுத்த புதுக் கடதாசி கிளாக்கரின் மேசையில் கிடந்து எழும்புவதற்குள் அக்கா பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். துரையோடு பேசியவன் என்று நான் வருடக்கணக்கில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வழியில் கிளாக்கரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

டீச்சராகிப் பல காலம் கழித்துத்தான் அக்கா சொன்னாள். கிளாக்கர் பேசிய இரண்டு வரியும் அன்றே அவளுக்குப் புரிந்திருந்தது. என் டெல்லில் ஒன்றைக்கூட அவர் எடுத்துச் சொல்லவில்லை. அப்பாவின் முதல் கடதாசியைத் தான் தொலைத்துவிட்டதாகவும், தப்பு தன்னுடையது என்றும்தான் துரையிடம் சொன்னார். துரை என்னையே வெறித்துக்கொண்டிருந்த நேரத்தில், அதை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் அவர் வைத்ததை அக்கா பார்த்திருந்தாள்.