நேராக நின்ற ஸ்டீரிங்

கார் எலக்ட்ரிக்கல் தொழிலில் பழுதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, கண்டுபிடித்ததை யாரிடம் எப்படிச் சொல்வது என்பது மீதி வேலை. இதே தொழிலில் கழுத்து வலிக்கக் குனிந்து கிடப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று அதியமான்கோட்டையில் என் கொட்டகையில் இருந்தவர்கள்: சித்தேரி மலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் குமரேசன், அவர் மனைவி செல்வி, அவள் மடியில் ஐந்து மாதப் பிள்ளை, செல்வியின் அம்மா, அப்பா மாதப்பன். என்னோடு ஆறு பேர். மாமியாரும் துணைக்கு வர, பிள்ளையை முதல்முறையாகத் தகப்பன் வீட்டுக்கு அழைத்துப்போகும் நாள் அது. போன மாதம் குமரேசன் தனியாக மலையேறும்போது, ஒரு வளைவில் கார் தானாக ஒரு பக்கம் இழுத்துக் கட்டைச்சுவரில் உரசியிருக்கிறது. அதைப் பார்க்காமல் அனுப்ப முடியாது என்று மாமனாரே கூட்டி வந்திருந்தார். இறங்கியதும் சொன்னார்: "வண்டி எங்கீங்க இழுத்துச்சு? இவருதான் தூங்கிட்டாரு. வண்டியில கோளாறு இருந்தா காட்டுங்க. இல்லீன்னா எம்பொண்ணும் பேரனும் இதுல ஏற மாட்டாங்க."

இரண்டு பாம்பு

சாவியைத் திருப்பினேன். வழுக்கும் காரின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எப்போதிலிருந்து எரிகிறது என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு நேரான பதில் வந்ததாக உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. குமரேசன் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்: "கார் படத்துக்குக் கீழ ரெண்டு பாம்பு நெளியுதுங்களே, அதப் பாத்ததுமே புத்துக்குப் பால் ஊத்திட்டு வந்தேன். அப்புறம் ரெண்டு நாளைக்கு எரியவே இல்லீங்க."

பதினாலு டிகிரி

ஸ்டீரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று காருக்குச் சொல்வதற்கு ஒரு சென்சார் உண்டு. வேறொரு கடையில் அது போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரும் அதன் பெயரைத்தான் காட்டியது. பெயர் வந்த உடனே பொருளை மாற்றிவிட எனக்கு மனம் வராது. முன் சக்கரங்களை நேராக நிறுத்தினேன். ஸ்டீரிங்கும் நேராகத்தான் இருந்தது. சென்சாரோ பதினாலு டிகிரி திரும்பியிருப்பதாகச் சொன்னது. மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். எண் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. திருப்பி நேராக்கினால் மறுபடி அதே பதினாலு.

ஆக, சென்சார் கெடவில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் தப்பு. நேராகப் போகும்போதே வளைகிறோம் என்று கார் நினைத்துக்கொள்ளும். காப்பாற்றுவதாக எண்ணி ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போடும். மலை வளைவில் வண்டி சுவரில் உரச அது போதும். யாராவது ஸ்டீரிங்கைக் கழற்றினார்களா என்று கேட்டேன். மாதப்பன் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கும் இதுக்கும் என்னாங்க சம்பந்தம்? வேலையப் பாருங்க."

காத்திருப்பு

ஸ்டீரிங்கில் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் அதைத் தொட வேண்டும். நாம் சும்மா நிற்கும் அந்த நேரம்தான் வாடிக்கையாளர்களுக்குப் பொறுக்காது. வெயிலில் தகரக் கூரை கொதித்தது, பிள்ளை அழுதது, எனக்கு முழங்கால் வலித்தது. மாதப்பன் என்னிடம் சொல்லாமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "இவரும் தூங்கறாராட்டம் இருக்குது."

சர்வீஸ் ரோட்டில்

கழற்றிப் பார்த்தால் நினைத்தது சரி. ஸ்டீரிங்குக்கு அடியில் சென்சாரோடு இருக்கும் வளையத்தை யாரோ திருப்பிவைத்து மாட்டியிருந்தார்கள். மாதப்பன் பக்கத்தில் நின்று பார்க்க, அதை அதன் இடத்தில் உட்காரவைத்து, முன் சக்கரங்களின் நேரையும் பார்த்து, ஸ்கேனரில் பூஜ்யம் வைத்தேன். பாம்பு விளக்கு அணைந்தது. சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் குமரேசனை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர்தான் சொன்னார். பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று மாமனார் வீட்டு வாசலில் காரோடு படம் எடுத்தார்களாம். ஸ்டீரிங் லேசாகக் கோணலாகத் தெரிய, மாமனார் ஆசையாக எடுத்துப்போய்த் தெரிந்த ஆளிடம் கொடுத்து நேராக்கிக்கொண்டு வந்தாராம். விளக்கும் இழுப்பும் அதற்குப் பிறகுதான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "தூங்கிட்டேன்னு நாலு நாளைக்குத் திட்டுவாரு, அப்புறம் மறந்துருவாரு. பேரன் போற வண்டிய அவரே கெடுத்துட்டாருன்னு தெரிஞ்சா மனுசன் தாங்க மாட்டாருங்க. நீங்களும் சொல்லிடாதீங்க."

மலைக்குப் போனவர்கள்

திரும்பி வந்து, "வண்டிதான் இழுத்திருக்குதுங்க. அவரு தூங்கலை. இப்ப சரியாயிடுச்சு" என்றேன். ஒரே மூச்சில் அத்தனை பேசுவது எனக்குப் பெரிய வேலை. மாதப்பன் காரின் பின்கதவைத் திறந்துவிட்டார். மகள் பிள்ளையோடு குனிந்து ஏறும்போது, தலை இடிக்காமல் மேலே கையை வைத்துக்கொண்டார். மாமியாரும் ஏற, கார் போனது.

அவர் வீடு அடுத்த தெருதான். ஆனாலும் போகவில்லை. பழைய டயர் மேல் உட்கார்ந்து, "அந்த வளையம் தானா நகருமாங்க?" என்றார். நகராது என்றேன். கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு மாசமா அந்தப் புள்ளைய ஊரு முழுக்கத் தூங்குமூஞ்சின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேங்க. எல்லாம் என்னாலதான்னு மாப்ளைக்கு மட்டும் தெரிய வேணாம்."

கொட்டகையில் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் மலைக்குப் போய்விட, டீக்குச் சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் மீதி இரண்டு பேர்.