குன்வோர் மாமியின் ஆட்டத்துணை

டக், டக், பிறகு கொஞ்சம் பிந்தி இன்னொரு டக், டக். பள்ளி விட்டு வந்து, ஒஸ்லோவின் ஹொல்ம்லியா அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பாணும் பாலுமாக நான் உட்கார்ந்திருக்கும் மாரிகாலப் பின்னேரங்களில், வெளியே மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வர, தலைக்கு மேலே இரண்டு பேர் சப்பாத்தோடு ஆடுகிற சத்தம் கேட்கும். மேல்வீட்டில் இருந்ததோ ஒரேயொரு ஆள்: குன்வோர் என்ற நோர்வேஜியக் கிழவி, பிள்ளைகுட்டி இல்லாதவர். "மற்றது ஆரின்ரை கால் அம்மா?" என்று கேட்டால், தையல் மெசினில் குனிந்திருக்கும் அம்மா, "சும்மா இரடி, வயசுபோனவையின்ரை வீட்டிலை ஆயிரம் சத்தம் கேட்கும்" என்பாள். ஆனால் மெசினை நிறுத்திவிட்டுத்தான் சொல்வாள்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, சேதியும் இல்லை. எங்களை ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டவர் அப்பாவின் தமையன், பக்கத்து ஹவுகெட்டோவில் இருந்த பெரியப்பா. தங்கமான மனிதர்தான், ஆனால் வந்தால் ஒரே கதை: "தர்ப்பையிலை உருவம் செய்து, அவன்ரை உடுப்பைப் போட்டு எரிச்சு, கிரியையை முடி. அவன் அந்தரத்திலை நிற்கிறான்." உடல் கிடைக்காதவர்களுக்கு அப்படிச் செய்வது எங்கள் வழக்கம். அம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். உள்ளே அலுமாரியில் அப்பாவின் கோட் தொங்கிக்கொண்டிருந்தது. கலியாண எழுத்தன்று, பதிவில் கையெழுத்து வைக்க, அவர் போட்டது. "வந்து இறங்கினால் குளிருக்கு வேணும்" என்று அம்மா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. காலையில் பொட்டு வைத்தவுடன் அதை ஒருமுறை தடவிவிட்டுத்தான் தையலில் குந்துவாள்.

ஒருநாள் கதவு மணி அடித்தது. திறந்தால், குன்வோர் மாமி ஓர் ஆம்பிளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்! நான் கத்திய கத்தலில் அம்மா கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். ஆளுயரத் துணிப் பொம்மை அது. மெழுகு நிறத்தில் முகம், கீறிவிட்ட மீசை. அதன் சப்பாத்துகளைத் தன் சப்பாத்துகளோடு வாரால் கட்டிக்கொண்டு மாமி அடி வைத்தால் அதுவும் அடி வைக்கும். அடுக்குமாடிக்காரர்களின் மார்கழி நத்தார் விழாவில் ஆட வேண்டும், அதன் கோட்டைப் பூச்சி அரித்துவிட்டது, தைத்துத் தர முடியுமா என்று கேட்க வந்திருந்தார்.

கோப்பி குடித்தபடி தன் கதையைச் சொன்னார்; நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பாட்டும் ஆட்டமும் பகிடியுமாக நடக்கிற 'ரெவ்யூ' மேடையில் வரிசையாட்டத்துக்குச் சேர்ந்தவர், முதல் நாளே தடக்கி விழ, சபை சிரித்த சிரிப்பைப் பார்த்த முதலாளி, "இனி நீ ஒவ்வொரு நாளும் விழு" என்றாராம். விழுந்து விழுந்தே பெயரெடுத்து, வடக்கே மீன்பிடி ஊர்கள்வரை கப்பலில் போய் ஆடியிருக்கிறார். கூட ஆடிய ரக்னார் இரண்டாம் உலக யுத்த காலத்தில் கப்பலேறினவர் திரும்பவில்லை. ஒப்புக்கொண்ட ஆட்டங்களை விட முடியாமல், ரக்னாரின் அளவுக்கே பொம்மையைத் தைத்துக் கட்டிக்கொண்டு, குடிவெறிப் புருசனோடு மாரடிக்கும் பெண்சாதியாக ஆடினார். சனம் வயிறு நோகச் சிரித்ததாம்.

"அந்த ஆள் செத்தது எப்ப தெரிஞ்சதாம் எண்டு கேள்" என்றாள் அம்மா.

இதுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை என்றார் குன்வோர் மாமி.

அம்மா அளவுநாடாவை எடுத்துப் பொம்மையின் தோளை அளந்தாள். நம்பாதவள்போலத் திரும்பவும் அளந்தாள். பிறகு எழுந்து போய் அலுமாரியைத் திறந்து அப்பாவின் கோட்டைக் கொண்டுவந்து அதற்குப் போட்டுவிட்டாள். ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

விழாவன்று மண்டபம் நிறையச் சனம். மாமி விழுந்தார், எழும்பினார், பொம்மை ரக்னாரின் கன்னத்தில் அறைந்தார், அவன் அவர் தோளில் சரிந்தான். எல்லோரும் சிரிக்க, நான் அவனுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லும் அப்பாவின் தோளைப்போலவே இடது பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது. எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தபோது அப்படி இருக்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். பக்கத்தில் இருந்த பெரியப்பா, "தம்பி" என்று எழும்பிவிட்டார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "எரிக்க வேண்டியதை ஆட விட்டிருக்கிறியே, விசரி!" என்றார்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் துடைத்தபடி பெரியப்பாவிடம், "ஆடட்டும் அத்தான், ஆடட்டும்" என்றாள்.

கோட்டை அவள் திருப்பிக் கேட்கவில்லை. சில பின்னேரங்களில் நாங்கள் மேலே போவோம். மாமி ஆட, அம்மா வாசலோடு நின்று பார்ப்பாள். அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. அப்பா என்றால், வெட்கமில்லாமல் சொல்கிறேன், மங்கலான விளக்கில் சுழன்று போகும் அந்த முதுகுதான்.

நான் பெரிய வகுப்புக்குப் போன காலத்தில் குன்வோர் மாமி செத்துப்போனார். ரக்னாரையும் தன் சவப்பெட்டிக்குள் வைத்து எரிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாராம். தேவாலயத்தில் அவருடைய சகோதரியின் மகன் அம்மாவிடம் வந்து, "கோட் உங்களுடையது, கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அம்மா பெட்டியருகே போய் மேல் பொத்தானைக் கழற்றினாள். அடுத்ததையும் கழற்றினாள். வருசக்கணக்காகக் கிரியை, கிரியை என்று கரைச்சல் கொடுத்த பெரியப்பா சுவரோடு ஒதுங்கி நின்றார். அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு பொத்தான்களைத் திரும்பப் பூட்டி, காலரை நேராக்கி, வேலைக்குப் போகிறவரிடம் சொல்வதுபோல, "போய்ட்டு வாங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்து நெடுநேரம் தலைமுழுகினாள். வெளியே வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. பெரியப்பாதான் குழந்தைப்பிள்ளைபோல விம்மி அழுதார்.

இப்போது அந்த அடுக்குமாடிக்குப் புதுப் பூச்சு அடித்துவிட்டார்கள். விழா மண்டபம் சைக்கிள் நிறுத்துமிடமாகிவிட்டது. குன்வோர் என்று ஒருத்தி நாடு சிரிக்க ஆடினாள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. பெரியப்பாவும் போய்விட்டார். போன கிழமை அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபோது, இத்தனை காலமும் கேட்கத் துணியாததைக் கேட்டேன்: "அப்பாவை அந்த மனுசியோடை அனுப்பினது உங்களுக்கு ஒருமாதிரி இருக்கேல்லையே அம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை.

"கொப்பருக்கு ஆடத் தெரியாது பிள்ளை" என்றாள். "எழுத்தண்டு என்ரை கையைப் பிடிக்கவே கூசின மனுசன். அவதானே பழக்கி எடுத்தவ."