சமதரை

மலையகத்தில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது வருஷமாக உர மூட்டையோடு மலை ஏறி இறங்கியவன் சத்தியசீலன். ஒரு தடவைகூட வழுக்கி விழுந்ததில்லை. காற்பந்து ஆடப்போய்த்தான் வலது முழங்காலில் சவ்வு கிழிந்தது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்த சிவதர்சினி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள்: "ஏத்தம் இறக்கத்திலை நடக்கக்கூடாது. ஆறு கிழமைக்குச் சமதரையிலை மட்டும் நடவுங்கோ."

"சரிங்க மிஸ்."

கோயிலுக்குப் போனால் ஏற்றம், கடைக்குப் போனால் இறக்கம். தோட்டம் முழுக்கத் தேடினாலும் சமதரை என்று சொல்ல இருந்தது ஒரே இடம்தான்: அவன் குடியிருந்த லய வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த விளையாட்டு மைதானம். தினமும் பின்னேரம் அதன் ஓரமாகவே, மிஸ் சொன்னபடி, ஒழுங்காகச் சுற்றி நடந்தான்.

மூன்றாவது வாரம், அங்கே காற்பந்து ஆடும் பையன்களுக்கு ஓர் ஆள் குறைந்தது.

"அண்ணே, கோலுக்குள்ள சும்மா நில்லுங்க. ஓடவே வேணாம்."

நிற்கக்கூடாதென்று மிஸ் சொல்லவில்லையே! போய் நின்றான். பந்து வந்தபோது சும்மா நிற்கத்தான் மனம் கேட்கவில்லை.

மறுநாள் இடது முழங்காலும் வீங்கிப்போய் வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து மிஸ் வெடித்தாள். "நான் உங்களுக்கு என்ன சொன்னனான்?"

சத்தியசீலனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சமதரையிலதாங்க மிஸ் விழுந்தேன்."