இரண்டாவது சிவப்புத் துணி

என் மாமாவுக்குக் கவனம் போதாது என்று வீட்டில் யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் எடுத்துக் கழுவுவேன். இந்த வயதிலும் அந்தப் பேச்சை உட்கார்ந்து கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அவருக்குக் கவனம் போதாது என்று ஊர் முடிவு கட்டியது ஒரே ஒரு சாட்சியை வைத்துத்தான். அந்தச் சாட்சிக்கு அப்போது ஒன்பது வயது, இரட்டைச் சடை. அது நான்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற இடத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கி, டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தார். சிரித்த முகம். குளிக்கும்போது பாடுவார், சாப்பிடும்போதும் பாடுவார், அம்மா திட்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பாடுவார். வீட்டுச் சாவியைத் தொலைத்திருக்கிறார். மழையில் என் அப்பாவின் சட்டையைக் கொடியிலேயே மறந்திருக்கிறார். ஆனால் மோட்டார் சைக்கிள் என்று வந்துவிட்டால் ஆளே வேறு. ஒரு திருகாணியை முடுக்கினால் மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். இதை வீட்டில் யாரும் கவனித்ததில்லை. நான் கவனித்திருக்கிறேன்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட ஊரடங்கெல்லாம் எடுத்து, தோட்டத்துப் பாதைகளில் பயமில்லாமல் போய்வரலாம் என்று ஆன பிறகு, டவுன் இளவட்டங்கள் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிள் சங்கம் ஆரம்பித்தார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர், மலாய் பேசும் பழைய தமிழ் வம்சத்துக் கம்போங் செட்டிக்காரர் என்று இருபது பேர் இருப்பார்கள். வண்டிகளில் பாதி, போர் முடிந்து பட்டாளம் கழித்துக்கட்டியவை. ஞாயிற்றுக்கிழமைகளில் குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குள் போவார்கள். போவதற்கு முன்னால் பாதையை அவர்களே சரிசெய்துகொள்ள வேண்டும். லாலாங் புல்லை வெட்டுவதும், குழியில் செம்மண் கொட்டுவதும், வாய்க்கால்மேல் பலகை போடுவதும் அவர்கள் வேலைதான். யாரும் கூலி கேட்டதில்லை. வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கச் சொன்னால் இடுப்பு வலிக்கும் மாமாவுக்கு, அங்கே மண் சுமந்தால் மட்டும் வலிக்காது என்று அம்மா சொல்வாள்.

சங்கத்தின் செயலாளர் ஒரு மலாய்ப் பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரைச் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். மலாயில் வாத்தியார் என்று அர்த்தம். கிளம்பும்போதெல்லாம் வகுப்பில் நிற்பதுபோல் நின்று விதிகளை வாசிப்பார். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் மூன்று மர இடைவெளி வேண்டும். தோட்டப் பாதையில் முந்தக் கூடாது. செருப்போடு வரக் கூடாது. தலையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அந்த 'ஏதாவது ஒன்று' ஆளுக்கு ஆள் மாறும். என் மாமா, அப்பாவின் பழைய தக்கைத் தொப்பியைத் தாடைக்குக் கீழே சணலால் கட்டிக்கொண்டு போவார்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாளே ஒருவர் போய்ப் பாதையைப் பார்த்து, ஆபத்தான இடங்களில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவார். ஒரு துணி என்றால் மெதுவாகப் போ. இரண்டு துணி என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. நாலு பாஷைக்காரர்கள் கூடின இடத்தில் இதுதான் எல்லோருக்கும் புரிந்தது. கட்டியவர் மறுநாள் வரிசையில் கடைசியாக வந்து, ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். இந்த வேலையைச் சிக்கு என் மாமாவிடம் கொடுத்திருந்தார். மாமாவுக்கு அதில் எவ்வளவு பெருமை என்றால், சனிக்கிழமை மத்தியானம் பாடாமல் சாப்பிடுவார்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற ஆகஸ்ட் மாதம் அது. எங்கள் பள்ளியில் ஊர்வலத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பெண்பிள்ளைகள் இரண்டு சடையிலும் சிவப்பு ரிப்பன் கட்டி வர வேண்டும், கட்டாதவர்கள் பின்வரிசை என்று டீச்சர் சொல்லிவிட்டார். கடைகளில் சிவப்பு ரிப்பன் தீர்ந்துபோயிருந்தது. பழைய நீல ரிப்பன் போதாதா என்றாள் அம்மா. நான் முன்வரிசைக்காக மனசுக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாமா என்னையும் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். துணிக் கட்டு என் மடியில் இருந்தது. அவர் கை நீட்ட நீட்ட நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கடைசி இடம் ஒரு வாய்க்கால் பாலம். பாலம் என்ன பாலம், இரண்டு பலகை. அதில் ஒன்று அடியில் உளுத்திருந்தது. மாமா குனிந்து, பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தார். கத்தி உள்ளே போனது.

"இதுல ஏறினா அவ்வளவுதான். புதுப் பலகை வர்ற வரைக்கும் தள்ளிட்டுத்தான் போகணும். ரெண்டு குடு பாப்பா."

இரண்டு கொடுத்தேன். ஒரு ரப்பர் மரத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கட்டினார். துணிக் கட்டுக்குள் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதை என் தோளில் போட்டு, "இது ஒனக்கு. தலையில கட்டிக்க," என்றார். கையில் ஒட்டிய சகதியைக் கழுவ வாய்க்காலில் இறங்கினார்.

எனக்கு இருந்ததோ இரண்டு சடை. கீழே கட்டியிருந்த துணி என் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேலே ஒன்று இருக்கிறதே, பார்த்துப் போவார்கள் என்று நினைத்தேன். முடிச்சை அவிழ்த்து, துணியைச் சுருட்டி, பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டேன். மாமா மேலே ஏறி வந்தபோது நான் சமர்த்தாக வண்டி பக்கத்தில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். அன்று ராத்திரியே அம்மா இரண்டு துணிக்கும் ஓரம் தைத்து, இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்தாள். இரண்டும் மாமா கொடுத்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் மாமா தனியாக வந்தார். தக்கைத் தொப்பி இல்லை, சட்டையெல்லாம் சேறு. கம்போங் செட்டி அண்ணன் பாலத்தில் விழுந்துவிட்டார், தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்.

அந்தச் செட்டி அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். நெற்றி நிறைய விபூதி, பேச்சு முழுக்க அவர்களுடைய மலாய். தமிழில் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட மட்டும் தெரியும். சங்கத்திலேயே விதியை எழுத்துப் பிசகாமல் நடப்பவர் அவர்தான். ஒரு துணியைப் பார்த்திருக்கிறார். ஒரு துணிக்கு எவ்வளவு மெதுவாகப் போக வேண்டுமோ அவ்வளவு மெதுவாகப் பலகையில் ஏறியிருக்கிறார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடச் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர். அம்மா கோப்பி கலந்து வைத்தாள், யாரும் தொடவில்லை. மாமா நின்றுகொண்டே இருந்தார்.

"ரெண்டு கட்டினேன் சிக்கு," என்று மலாயில் சொன்னார். "என் கையால கட்டினேன்."

"நேற்றுக் கடைசியில் அவிழ்த்து எடுத்தது யார்?"

"நான்தான்."

"எத்தனை இருந்தது?"

"ஒண்ணு."

கடைசியில் வந்து தனியாக அவிழ்த்தவர் அவர். 'இரண்டு இருந்தது' என்று சொல்லியிருந்தால் யார் மறுக்கப் போகிறார்கள்? அவருக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

காற்றில் விழுந்திருக்கும் என்றார் அப்பா. இரட்டை முடிச்சு, விழாது என்று மாமாவே மறுத்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் யாராவது எடுத்திருக்கலாம் என்றார் வந்தவர்களில் ஒருவர். அப்போதுதான் மாமாவுக்கு என் ஞாபகம் வந்தது. அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"பாப்பாவைக் கேளுங்க! அவதான் எடுத்துக் குடுத்தா. அவளுக்குத் தெரியும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சிக்கு என் உயரத்துக்குக் குனிந்து, ஒன்றா இரண்டா என்று மலாயில் கேட்டார். குரலில் அதட்டலே இல்லை. இரண்டு என்று சொல்லியிருந்தால் மாமா தப்பித்திருப்பார். பழி, பெயர் தெரியாத யாரோ ஒரு பால் வெட்டுகிறவர்மேல் போயிருக்கும். நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. இரண்டு என்றால் அடுத்த கேள்வி, 'இன்னொன்று எங்கே?' என்றுதான் என் வயிறு சொன்னது. இன்னொன்று எனக்குப் பின்னால் அலமாரியில், இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"சாத்து," என்றேன். மலாயில் ஒன்று.

மாமா என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன், எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணுதான் கட்டினேனா பாப்பா?"

தலையாட்டினேன்.

"சின்னப் புள்ள பொய் சொல்லாது," என்றார் மாமா, சிக்குவைப் பார்த்து. "நான்தான் மறந்திருக்கணும்."

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொன்னால் போதாது. அந்த வரியை எழுதிவிட்டு வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

சிக்கு அவரைத் திட்டவில்லை. இனி பாதை பார்க்க வேறு ஆள் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மாதான் ராத்திரி முழுக்கப் புலம்பினாள். சாவியையும் சட்டையையும் இழுத்துப் பேசினாள்; அன்றிலிருந்து மாமாவின் மறதி ஒரு சரித்திரமாகவே ஆகிவிட்டது. அடி விழவில்லை, போலீஸ் வரவில்லை, அதனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். செட்டி அண்ணன் கயிறு கட்டித் தூக்கிய காலோடு படுத்திருந்தார். "பாப்பா" என்று கூப்பிட்டு, தலைமாட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். வாங்கித் தின்றேன். மறுவருடம் கம்போங் செட்டிக் கோயிலில் மாரியம்மன் தேர் இழுத்தபோது, எப்போதும் வடத்தின் முன்னால் நிற்கிற அவர், ஓரத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

ஊர்வலத்தன்று நான் முன்வரிசை. இரண்டு சடையிலும் சிவப்பு ரிப்பன். தெருவெல்லாம் கொடி, பேண்டு வாத்தியம், எங்கே பார்த்தாலும் கூட்டம். மாமா கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் வந்து எனக்குக் கையாட்டினார். ஆட்டிய கை அப்படியே நின்றது. என் தலையைப் பார்த்தார். இடது சடையை, பிறகு வலது சடையை. கண்டுபிடித்துவிட்டார், இப்போதே எல்லோர் முன்னாலும் என்னை இழுத்து வெளியே போடப் போகிறார் என்று நினைத்தேன்.

ஊர்வலம் முடிந்ததும் என்னைத் தேடி வந்து, ஒரு கடை ஓரமாகக் கூட்டிப் போனார். குந்தி உட்கார்ந்து, வலது சடை ரிப்பனை விரலால் தொட்டார்.

"ஒனக்கு ரெண்டு குடுத்திட்டனா நான்?" என்றார். "அதான் அங்க ஒண்ணு."

நான் ரிப்பன் நுனியை விரலில் சுற்றினேன்.

"ஒம் மேல தப்பில்ல, பாப்பா. குடுத்தது நானு. இதை யார்கிட்டயும் சொல்லாத. ஒன்னையும் சேத்துப் பேசுவாங்க."

நான் சரி என்றேன். அவர் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். தப்பித்தோம் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்; நாலு தெருவும் கேட்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். எனக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி அந்த ரிப்பன். அதை அவர் தனக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார் என்று புரிய எனக்கு எத்தனையோ வருடம் ஆனது. புரிந்தபோது சொல்லியிருக்கலாம். அவர் உயிரோடுதான் இருந்தார். நான் சொல்லவில்லை.

அடுத்த மாதமே மாமா வண்டியை விற்றுவிட்டார். பட்டறையில் தான் பூட்டிய சக்கரத்தை வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியே விடுவாராம். குளிக்கும்போது பாடுவதும் நின்றுபோனது. எனக்கு மிட்டாயோ ரம்புத்தானோ எது கொடுத்தாலும், என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து, "ஒண்ணு... ரெண்டு..." என்று சத்தமாக எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தார். அது புதுசாக ஒரு விளையாட்டு என்று நினைத்து, நானும் அவரோடு சேர்ந்து எண்ணினேன்.