பெரிய வார்த்தை

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் பெண்களில் நெட்டையக்காவின் வேலைதான் படு சுத்தம். எந்தக் காலரும் அவளிடம் வாலாட்டாமல் படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவளின் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் அன்று ஒரு வெள்ளைச் சட்டை கருகிவிட்டது.

பெட்டியின் சூட்டை ஈர விரலால் தொட்டுப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். அவளுடைய விரல் நுனிகளோ செத்துப்போயிருந்தன. துணியில் ஒரு சுருக்கம் நின்றால் போதும், மேஸ்திரி பின்னாலிருந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைப் பெட்டியில் ஒத்தி எடுப்பான். அதற்கு அவன் வைத்த பெயர் 'ஞாபகப்படுத்துறது'. தோல் பொரிந்தால் சிரிப்பான்.

"கத்தாதடி, கொசு கடிச்ச மாதிரிதானே இருக்கு?"

பெண்களுக்கும் அது பழகிவிட்டது. "என்னடி, இன்னிக்கு உனக்கு ஞாபகம் வந்துச்சா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வார்கள். கொடுமைக்கு ஒரு செல்லப்பெயர் வைத்துவிட்டால் அதோடு குடித்தனம் நடத்திவிடலாம் போலிருக்கிறது.

மேஸ்திரி கருகிய சட்டையோடு முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னியோட நின்னுக்கம்மா," என்றார் முதலாளி.

"விரல்ல சூடு தெரியலீங்க. எல்லாம் இவர் பண்ற சித்திரவதை."

"பெரிய வார்த்தையெல்லாம் பேசாத. கண்டிக்கத்தானே மேஸ்திரி?"

"சுத்தத் தொட்டாச்சிணுங்கிங்க இவ," என்று இளித்த மேஸ்திரி, பழக்கதோஷத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

அவள் கையைத் திருகி விடுவித்தாள். அதே வேகத்தில் அவன் கையை மேஜையோடு அழுத்தி, மறு கையால் பெட்டியைத் தூக்கினாள். அது வீரமெல்லாம் இல்லை. நாளெல்லாம் இரும்பு தூக்கிய கை, அவ்வளவுதான். பெட்டி அவன் விரல்களுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அனல் பட்டதுமே அவன் அலறினான்.

"ஐயோ, கொல்றாளே!"

"விடும்மா! என்ன சித்திரவதை இது!" என்று முதலாளி கத்தினார்.

மற்ற பெண்கள் பெட்டிகளை நிறுத்திவிட்டு முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் படவே இல்லீங்களே," என்றாள் அவள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

பக்கத்து மேஜைக்காரி தழும்பேறிய தன் விரல்களை முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்ப இதுக்கு என்னங்க பேரு?"

முதலாளி பார்க்காததுபோல் திரும்பி நடந்தார்.

நெட்டையக்காவுக்கு வேலை போனது போனதுதான். ஆனால் மறுநாள் மேஸ்திரி ஒருத்தியின் பின்னால் போய் நின்றபோது, வரிசையிலிருந்த பெட்டிகளெல்லாம் மேஜையைவிட்டு எழும்பின. அவன் இரண்டு கைகளையும் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வாசல்வரை பின்வாங்கியே போனான்.