மாதையன் சாருக்குக் கட்டிய ஃப்ளெக்ஸ்

மாதையன் சார் போய்விட்டார். நேற்று காலையில் நெஞ்சுவலி... தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாப்பா பிறக்கும் வரை நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவர் சோஷியல் சார். எங்கள் ஊர்க் கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, கடைசி வரை அங்கேயே குடியிருந்தவர்.

அழ வேண்டிய நேரத்தில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வருஷா வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிப்போவார். துணைக்கு நானும் போவேன். எல்லாரையும் சுவரில் கை வைக்கச் சொல்வார்.

"அடியில இருக்கற பெரிய கல்லு அதியமான் காலத்துதா இருக்கலாம். அப்புறம் சோழர் வந்தாங்க, ஹொய்சாளர் வந்தாங்க, விஜயநகரத்துக்காரங்க வந்தாங்க. மேல இருக்கற செங்கல்லு மைசூர்க்காரங்க வெச்சது. வெள்ளக்காரன் ஒண்ணும் வெக்கல, பீரங்கியில ஓட்டதான் போட்டான்."

"அந்த சிமெண்ட் யாருதுங்க சார்?"

"அது நம்ம பஞ்சாயத்து. போன மழைக்குப் பூசுனது."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும்தான்.

"ஜெயிச்சு வந்தவன் எவனும் புதுசாக் கட்டல. இடிஞ்ச எடத்துல கைக்குக் கெடச்சத வெச்சு அடைச்சான். அவ்ளோதான்" என்பார்.

இதை ஒரு வருஷம் யாரோ வீடியோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் ஸ்கூல் கேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"எங்க ராஜா கட்டுன கோட்டைய வந்தவன் போனவனுக்கெல்லாம் பங்கு போட்டுத் தர்றியா, வாத்தியாரே?"

"நான் பங்கு போடலீங்க. சுவத்துல இருக்கறதச் சொன்னேன்."

அடுத்த நாள் காலையில் அவர் பைக் சீட் முழுக்கச் சாணி. ஹேண்டில்பாரையும் விடவில்லை. பழைய பேப்பரால் துடைத்துவிட்டு அதே வண்டியில் வந்தார். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் எல்லாம் சுற்றி நின்று கேட்டபோது, "சாணி நல்ல சாணிதாங்க டீச்சர், பசு மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மேனேஜ்மென்ட் கூப்பிட்டுப் பேசியது. "ஒரு வார்த்த, நம்ம ராஜா ஒருத்தருதான் கட்டுனாருன்னு சொல்லிட்டுப் போங்களேன் சார், என்ன கொறஞ்சிடும்?"

"பரீட்சையில பசங்க அப்படி எழுதுனா நான் மார்க் போட முடியாதுங்களே."

அதோடு கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது நின்றுபோனது. ஆனால் அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை கடைசி வரை வரவில்லை.

நேற்று மதியமே கோட்டை வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. ஸ்கூல் கேட்டுக்கு வந்த அதே நாலு பேர், கைகூப்பிய போட்டோக்களோடு. யாருமே பார்த்திராத ராஜாவுக்கு ஒரு முறுக்கு மீசை. பக்கத்தில் சிரித்தபடி மாதையன் சார்.

கீழே கொட்டை எழுத்தில், 'இக்கோட்டை எம் மன்னன் ஒருவனே கட்டியது என உலகுக்கு உரைத்த ஆசான்'.

சீ...

சாணி அடித்த கைதான். இப்போது செத்தவர் வாயில் வார்த்தையைத் திணிக்கிறது.

இன்று காலையில் சாரின் மனைவி ருக்குமணி அக்கா பாடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "அந்த போர்ட அவுத்துடுங்க. அவுத்தாதான் எங்க வூட்டுக்காரர எடுக்கலாம்."

"அந்தம்மா துக்கத்துல பேசுது... நேரம் ஆவுது, எடுங்கப்பா" என்றார் நாலு பேரில் ஒருவர்.

அக்கா நகரவில்லை. வெயில் ஏறியது. தப்படிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கடைசியில் யாரோ ஒரு பக்கக் கயிற்றை அறுத்துவிட, ஃப்ளெக்ஸ் பாதி மடிந்து தொங்கியது. அதன் பிறகுதான் அக்கா சாரை அந்த வாசல் வழியாக எடுத்துப்போக விட்டார்.

பொழுது சாய்வதற்குள் மறுபடியும் இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை, பாப்பாவ நாளைக்கு அந்த ஸ்கூல்லதான் சேக்கணும்" என்கிறார் என் வீட்டுக்காரர். பயமாகத்தான் இருக்கிறது. டைப் பண்ணியதை இரண்டு தடவை அழித்துவிட்டேன்.

இருந்தாலும்... அந்த போர்டில் இருப்பது மாதையன் சார் சொன்னது இல்லை. கூட நின்று கேட்டவள் சொல்கிறேன்.

போயிட்டு வாங்க சார்.